சாஸ்தாவுக்கு ஒரு எண்ணெய்க் கப்பல்

வடகரை,
பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், மத்தியானம்.

இதனால் வடகரை, தென்காசி, குற்றாலம் தொடங்கி, ஒடிசாவில் என் அக்கா சுகந்தி கடற்படைப் பயிற்சிக்கு நிற்கிற மைதானம் வரைக்கும் உள்ள சகல ஜனங்களுக்கும் மகாராஜா அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு மிக்சி முந்தாநாள் காலை எட்டேகால் மணிக்கு, தேங்காய்ச் சட்னி பாதி அரைபட்ட நிலையில், தன் பதினோரு ஆண்டுச் சேவையை முடித்துக்கொண்டு அமைதியானது. மறுபாதிச் சட்னி அம்மியில் சகல மரியாதையுடன் அரைக்கப்பட்டது. இதை எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிற அம்மா, ஏலே மகாராஜா, நான் சொல்லுததை எழுதச் சொன்னா நீ என்னலே மைக்செட் கட்டுதே, முதல்ல பிள்ளை சொகத்தைக் கேளு என்று கீரைக்காம்பால் முதுகில் ஒன்று வைத்தாள். ஆகவே கிரீடத்தைக் கழற்றிவைத்துவிட்டு அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கை என்னுடையது, வாய் அம்மாவுடையது. நடுவில் என் சரக்கும் கொஞ்சம் கலக்கும், பொறுத்துக்கொள். அம்மா கேட்பது இது: ஏட்டி சுகந்தி, இங்கன எங்க மூணு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்ல, நீ அங்கன வேளைக்குச் சாப்பிடுதியா, ஓடி ஓடிக் கால்ல கொப்புளம் வந்திச்சே, அது ஆறிட்டா, படுத்தா தூக்கம் வருதா, அதை மட்டும் சொல்லு, மத்ததெல்லாம் பிறகு. ஞாயிற்றுக்கிழமை உன் கையில் போனைக் கொடுக்கிற அஞ்சு நிமிஷத்தில் அம்மா நாலு நிமிஷம் அழுதே தீர்த்துவிடுகிறாள், மிச்ச ஒரு நிமிஷத்தை அப்பா ஹலோ ஹலோ என்று சொல்லியே முடித்துவிடுகிறார். அதனால்தான் இந்தக் காலத்தில் கடிதம்.

வீட்டுச் சேதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. குற்றாலத்தில் பாறைதான் காய்கிறது, ஐந்தருவியில் ஒரு அருவிக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அப்பாவுக்கு டேங்கர் லாரியில் வாரத்துக்கு நாலு நடை பெட்ரோல் ஏற்றிக்கொண்டு புனலூர்ப் பக்கம் போக வேண்டியிருக்கிறது, மலை ஏறி இறங்கி வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தால் சோற்றுக்குக்கூட எழுப்ப முடியவில்லை. அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. பல் வலியா பிள்ளை வலியா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நீ ரயில் ஏறின நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை என்பதும், உன் விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார் என்பதற்காக அவரிடம் சோறா, குழம்பா, ரசமா என்று மூன்று வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்பதும் உனக்குத் தெரியும். உன் பயிற்சி முடிகிற அணிவகுப்புக்குப் பெற்றோரைக் கூப்பிட்டு வந்த தாளை அப்பா வாசித்துக் காட்டினபோதும், எம்புள்ளய எந்தக் கப்பல்ல ஏத்தப்போறாங்கன்னு தெரியாம நான் வந்து கைதட்டவா, நீயும் அப்பாவும் போயிட்டு வாங்கலே என்று என்னிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைக் கேட்டுத்தானே நீ போனில் அவளைத் தேற்றினாய்? எம்மா, டேங்கர் கப்பல்னு ஒண்ணு இருக்கு, அதுல துப்பாக்கியே கிடையாது, நடுக்கடல்ல மத்த கப்பலுக்கு எண்ணெய் ஊத்துத வேலைதான், நம்ம அப்பா லாரி மாதிரி, எனக்கு அது கிடைக்கணும்னு வேண்டிக்கோ என்று. நீ ஒரு பேச்சுக்குச் சொன்னாய். அம்மா அதை அப்படியே கொண்டுபோய்ச் சாஸ்தாவிடம் சொல்லிவிட்டாள்.

இனி அம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். பத்தொன்பது வருசத்துக்கு முந்தி அப்பா முதல்முதலாக டேங்கர் லாரியில் ஏறினபோது நீ கைக்குழந்தை. நெருப்புப் பிடிக்கிற சரக்கு என்று பயந்து, அம்மா குற்றாலத்தில் சீசன் கடையில் ஒரு பிளாஸ்டிக் டேங்கர் லாரி வாங்கி, வீரகேரளம்புதூர்ப் பக்கம் குளத்துக்கரையில் இருக்கிற நம் குலசாமி சாஸ்தாவின் காலடியில் பங்குனி உத்திரத்தன்று வைத்தாள். குழந்தை வேண்டியவர்கள் தொட்டில் கட்டுவது போல, எதற்குப் பயமோ அதன் உருவத்தை வைப்பது. அன்றிலிருந்து அப்பா ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்து சேருகிறார். இப்போது மகளுக்குக் கப்பல் வைக்க வேண்டும், அதுவும் இந்த உத்திரத்துக்குள். அதிலும் டேங்கர் கப்பலாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் நாம் சண்டைக் கப்பலைக் கொண்டுவைத்தால் சாமி இதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து உன்னைச் சண்டைக் கப்பலிலேயே ஏற்றிவிட்டால் என்ன செய்வது? இவ்வளவுதானே, ஒரே வாரத்தில் நான் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று மார்தட்டினேன். அதோடு என் நிம்மதி போயிற்று.

முதலில் குற்றாலத்தில் நமசிவாயம் அண்ணாச்சி கடை. சீசன் இல்லாததால் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே படுத்திருந்தார். டேங்கர் கப்பல் என்றதும், தம்பி, ரிமோட் வச்ச போட் இருக்கு, சுடுத கப்பல் இருக்கு, லைட் எரியுத கப்பல் இருக்கு, எண்ணெய்க் கப்பலை எந்தப் பிள்ளை தம்பி கேட்டு அழும் என்றார். நியாயம்தான். சுரண்டையில் மூன்று ஃபேன்சி கடை, தென்காசியில் பேருந்து நிலையம் சுற்றிலும் உள்ள அத்தனை கடை, ஒருநாள் திருநெல்வேலி வரைக்கும் போய்வந்தேன், செருப்புதான் தேய்ந்தது. பிறகு போனில் தேடினேன். அப்போதுதான் மாடல் கிட் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. நிஜக் கப்பலை எழுநூறில் ஒரு பங்காகச் சுருக்கித் துண்டு துண்டாக ஒரு பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள், நாம் ஒட்டிக்கொள்ள வேண்டும். விமானம் தாங்கிக் கப்பல் எத்தனை வேண்டும், இருக்கிறது. நாசகாரிக் கப்பல், நீர்மூழ்கி, நூறு வருசத்துக்கு முன்னால் மூழ்கின கப்பல்கூட மூன்று அளவில் இருக்கிறது. இவ்வளவு கப்பலுக்கும் எண்ணெய் ஊற்றினது யார் என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை. டேங்கர் என்று போட்டால் லாரி வருகிறது, தண்ணீர்த் தொட்டி வருகிறது, பட்டாள டாங்கி வருகிறது. எங்கோ வெளிநாட்டில் இரண்டு மூன்று பேர் செய்கிறார்கள், அதுவும் இருப்பில் இல்லை, அல்லது ஆடி மாதம் வந்து சேரும் என்கிறார்கள். பெயர்தான் கிட், கிட்டவே வரவில்லை.

இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். அலுப்பில் செய்தது. அண்ணாச்சி கடையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு சுடுகிற கப்பலை வாங்கிவந்து, எம்மா, டேங்கர் கிடைச்சிட்டு, நீட்டிக்கிட்டு இருக்கதெல்லாம் எண்ணெய் ஊத்துத குழாய் என்று அம்மாவிடம் கொடுத்தேன். அவள் நம்பி மஞ்சள் துணியில் சுற்றிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டாள். அப்பா நடை முடிந்து வந்து துணியைப் பிரித்துப் பார்த்தார். ஏலே, டேங்கர்னா எண்ணெய் ஏத்துத மூடி எங்கலே, வால்வு எங்கலே, பத்தொம்பது வருசமா டேங்கர் ஓட்டுதவன்கிட்டயே காட்டுதியா என்றார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. எல்லாத்துலயும் விளையாடு, வேண்டாங்கல, இது உங்க அக்கா உசுருலே என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவள், இரண்டு நாள் எனக்குச் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துகொண்டே இருந்தாள். அவள் திட்டினால் எனக்குப் பழக்கம். பேசாமல் இருந்தால் எப்படி இருப்பது என்று நான் படித்ததில்லை.

மூன்றாம் நாள் பல் வலி தாங்காமல் தென்காசிக்குப் புறப்பட்டாள், நானும் பின்னாலேயே போனேன். பல் டாக்டர் கோமதிசங்கரை உனக்கு நினைவிருக்கும். மூன்று வருசத்துக்கு முன்னால் பிடுங்க வேண்டும் என்று அவர் சொன்னதும் அம்மா நாற்காலியிலிருந்து இறங்கி, செருப்பைக்கூடப் போடாமல் பஸ் ஏறிய அதே டாக்டர். இப்போது கிளினிக்கை மாற்றிக் கட்டியிருக்கிறார். உட்காருகிற இடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் பதினாலு கப்பல். நான் சத்தியமாக வாயைப் பிளந்துவிட்டேன், எனக்கே பல் பிடுங்கிவிடுவார்கள் போல. டாக்டருக்கு இதுதான் பொழுதுபோக்காம், நோயாளி இல்லாத நேரத்தில் பல் குடைகிற கம்பியை வைத்தே ஒட்டுவாராம். அம்மா வீங்கின கன்னத்தோடு அலமாரி முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இதுல டேங்கர் எது சார் என்று கேட்டாள். டாக்டர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பதினாலும் போர்க்கப்பல்தான். பிறகு அவரே உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்துவந்தார். நடுக்கடலில் எண்ணெய் வாங்குகிற நாசகாரியும் எண்ணெய் கொடுக்கிற டேங்கருமாக இரண்டு கப்பல் சேர்ந்து வந்த பெட்டி அது. நாசகாரியை ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார், டேங்கர் மட்டும் பெட்டியிலேயே கிடக்கிறது. ஒட்டணும் ஒட்டணும்னு நாலு வருசமா நினைக்கேன்மா, அதுக்குள்ள வேற ஏதாவது போர்க்கப்பல் வந்திருது என்று கூச்சப்பட்டார். அம்மா விஷயத்தைச் சொன்னாள், உன்னைச் சொன்னாள், சாஸ்தாவைச் சொன்னாள். டாக்டர் பெட்டியை மேசையில் வைத்து, முதல்ல பல்லு, பெறகு கப்பல் என்றார். அக்கா, அம்மா நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். வலித்திருக்கும், என் கையைப் பிடித்திருந்த இடத்தில் நாலு நகம் பதிந்திருக்கிறது. வரும்போது பஸ்ஸில், எம்மா, கப்பலுக்குள்ளயே ஒரு பல் இருக்குல்லா, அதான் கேட்டு வாங்கிட்டாரு என்றேன். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு சிரிக்க முடியாமல் சிரித்தாள். சமாதானம் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் அடுத்த வம்பு. பிளாஸ்டிக் சட்டம் சட்டமாக, நூற்றுக்கு மேல் துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அம்மா பார்த்த மாத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளை போகப்போற கப்பலு இப்படித் துண்டு துண்டாவா கெடக்கும், மூடுலே, முழுசா ஆனபிறகு எங்கண்ணுல காட்டு என்றாள். ஆக, மச்சு அறையில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறி போட்டால் துண்டு பறக்கும் என்று அதையும் நிறுத்திவிட்டுப் பதினோரு நாள் வேலை செய்தேன். நகவெட்டியால் வெட்டி, அப்பாவின் சவரப் பிளேடால் சீவி, டாக்டர் தந்த பசையால் ஒட்டினேன். எண்ணெய்க் குழாயைத் தூக்கிப்பிடிக்கிற கம்பம் மட்டும் எட்டு. நாலாம் நாள் என் இரண்டு கை விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வணக்கம் வைத்தபடி திரிந்தேன். கண் எரிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது, தூக்கத்தில்கூட எண்களாக வந்தன. ஆனாலும் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள், ஒரு துண்டு விடாமல், ஒரு கோணல் இல்லாமல், படத்தில் உள்ளபடியே ஒட்டி, சாம்பல் நிறம் அடித்து, சட்டையில் குத்துகிற கொடி பேட்ஜிலிருந்து கொடியை வெட்டிப் பின்னால் வைத்தேன். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூடியெல்லாம் சரியா இருக்குலே என்றார். அவர் வாயால் இதற்கு மேல் புகழ்ச்சி வந்ததாகச் சரித்திரம் இல்லை. தென்காசி மாவட்டத்தில் டேங்கர் கப்பல் கட்டிய முதல் ஆள் நான்தான், வேண்டுமானால் உன் அதிகாரிகளிடம் சொல், விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்ட ஆள் தேவைப்பட்டால் வருகிறேன்.

நேற்றுக் கோயிலில் நல்ல கூட்டம். வெளியூரில் போலீஸிலும் பட்டாளத்திலும் இருக்கிற நம் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள், வேனை நிறுத்த இடமில்லை. பூசாரி வேல்ராஜ் மாமா கப்பலைக் கையில் வாங்கி, இதென்ன மதினி, சாமிக்கு வெளிநாட்டு வாகனமா என்று கேட்டுக்கொண்டே பழைய லாரிக்குப் பக்கத்தில் வைத்துத் திருநீறு போட்டார். அம்மா வெகுநேரம் நின்றாள். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள், அப்போதும் நகரவில்லை. வெளியே வந்ததும் அப்பா, டேங்கர்னு வெவரமாச் சொல்லிக் கேட்டியா என்றார். அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள், கப்பலு இன்னதுன்னு நான் ஒண்ணும் சொல்லல, பிள்ளை பேரையும் நட்சத்திரத்தையும் மட்டும் சொன்னேன், அவரு பாத்துக்கிடட்டும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அப்பாவுக்கும்தான். இத்தனை நாள் டேங்கர் டேங்கர் என்று எங்களை அலையவிட்டது யார்? வேனில் திரும்பி வரும்போது வெளியே பார்த்துக்கொண்டே, ஒடிசாவுக்கு ரயில்ல எத்தனை நாளு என்று கேட்டாள். இடுப்பு வலிக்கிறது என்று சரிந்து கிடந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து அவள் மடியில் வைத்தார். பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து மறு ரயில், மூன்று பேருக்கும் டிக்கெட். இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே எடுத்துவிட்டிருக்கிறார், மனுஷர் வாயைத் திறக்கவில்லை. அம்மா தாளைப் பார்த்துவிட்டு, கீழ் பெர்த் போட்டிருக்கலாம்லா, இந்த இடுப்பை வச்சுக்கிட்டு மேல ஏறுவீகளா என்றாள். எண்ணிப் பார்த்தேன், எட்டு வார்த்தை.

இனி அம்மா சொல்லுகிற புத்திமதி, ஒன்றையும் நான் குறைக்கவில்லை. ஈரச் சாக்ஸைப் போட்டுக்கொண்டு நடக்காதே. முடியை வெட்டிவிட்டார்கள் என்று எண்ணெய் வைப்பதை விட்டுவிடாதே, இருக்கிற முடிக்காவது வை. பசிக்கு எது போட்டாலும் சாப்பிடு, உப்பு உரைப்பு பார்க்காதே, நாங்கள் வரும்போது எள்ளுப்பொடியும் நார்த்தங்காயும் கொண்டுவருகிறோம். கூடப் படுக்கிற பிள்ளைகளோடு சண்டை போடாதே, அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தான். எந்தக் கப்பலில் போட்டாலும் மறுபேச்சுப் பேசாமல் போ, எண்ணெய்க் கப்பலோ சுடுகிற கப்பலோ, உனக்கு எந்த வேலை தருகிறார்களோ அதை மனசு கோணாமல் செய். உள்ளே விடுவதற்கு எங்கள் ஆதார் நகல் வேண்டும் என்று அந்தத் தாளில் இருக்கிறது, எத்தனை நகல், போட்டோ ஒட்ட வேண்டுமா என்பதை இந்த ஞாயிறு மறக்காமல் சொல், நான் அழுதாலும் நீ பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இரு, தம்பி குறித்துக்கொள்வான். சாஸ்தா உன் காலுக்கு முன்னால் நடந்து வழி காட்டட்டும், தண்ணீரும் காற்றும் உன்னைத் தன் பிள்ளையாய் நினைக்கட்டும், நூறு வயசு இருந்து நாலு பேருக்கு நல்லது செய்.

அன்புள்ள அம்மா,
இ. ஆனந்தவள்ளி
(அப்பா இசக்கிப்பாண்டி நடைக்குப் போயிருக்கிறார், அவருடைய ஆசியும் இதில் உண்டு)

பி.கு: அம்மா கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கீரையோடு உள்ளே போய்விட்டாள், இது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது. ஒரு துண்டு விடாமல் ஒட்டினேன் என்று மேலே அளந்திருக்கிறேனே, அதை அடித்துவிட்டுப் படி. நாலு துண்டு விட்டேன், வேண்டுமென்றே விட்டேன். டேங்கரிலும் துப்பாக்கி இருக்கிறது அக்கா. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, சீரகம் அளவு. இது உனக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அம்மா பார்த்தால் எல்லாம் வீணாகிவிடும் என்று அந்த நாலும் இருந்த சட்டத்தை என் பாய்க்கு அடியில் சொருகிவைத்தேன். உத்திரத்தன்று விடியற்காலம் பாயைச் சுருட்டின அம்மா கையில் அது அகப்பட்டுவிட்டது. இது என்னதுலே என்றாள். அளக்காமல் படத்தாளை எடுத்து நீட்டினேன். அதை வாங்கி எண்ணைத் தேடி, எங்கே ஒட்ட வேண்டியது என்று விரலால் கண்டுபிடித்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கோயிலும் இல்லை, ஒடிசாவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மெதுவாக, நாலு பேரு அடிக்க வந்தா எம்புள்ள வெறுங்கையோடவா நிப்பா, இருக்கட்டும், பசையை எடு என்றாள். ஊசியில் நூல் கோக்கிற கை, மூன்றை அவளே வைத்தாள், மூன்றும் கடலைப் பார்த்து நேராக நிற்கின்றன. நாலாவதை மட்டும் நான் ஒட்டினேன். அது நம் கப்பலின் சமையலறையைக் குறிபார்த்துக்கொண்டு நிற்கிறது.